சப்வூபர் பெட்டியில் பிழை தேடுதல்: கேட்கும் குறியிலிருந்து காரணத்துக்கு

காரின் டிக்கியில் வைத்த சப்வூபர் நினைத்தபடி ஒலிக்காவிட்டால், கொழும்பில் நம்மவர்கள் முதலில் செய்வது பஞ்சிகாவத்தைப் பக்கமோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கமோ போய், இன்னும் பெரிய அம்பிளிபயர் ஒன்றுக்கு விலை கேட்பதுதான். பணம் செலவாகிறது, குறை அப்படியே இருக்கிறது. குறை பெரும்பாலும் அம்பிளிபயரிலும் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. யாரும் கணக்கெடுக்காத மரப்பெட்டியில் இருக்கிறது. ஸ்பீக்கரைத் தயாரித்தவர் தமது தரவுத்தாளில் இத்தனை லீற்றர், இத்தனை ஹெர்ட்ஸ் என்று எழுதித் தருகிறார். பெட்டி செய்பவரோ டிக்கியின் அகலத்தையும் கைவசம் உள்ள பலகையையும் பார்த்துச் செய்து தருகிறார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே கீழே வரும் குறிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் மூலம்.

ஆயினும் பெட்டியைச் சந்தேகிப்பது வேறு, அதை அறுப்பது வேறு. ஆணி கழற்றாமல் செய்யக்கூடிய சோதனைகளை முதலிலும், ஸ்பீக்கரைக் கழற்றிச் செய்வனவற்றை அடுத்தும் செய்து முடித்த பின்னரே வாளைக் கையில் எடுக்க வேண்டும். தேவையானவை அதிகமில்லை: அளவு நாடா, மல்ரிமீற்றர், 1.5 வோல்ட் பென்ரோர்ச் பற்றரி ஒன்று, ஊதுபத்தி, விரும்பிய மீடிறனில் தொனி எழுப்பும் செயலி உள்ள கைத்தொலைபேசி, ஸ்பீக்கரின் தரவுத்தாள். தொனிகளைப் பாட்டுக் கேட்கும் அளவைவிடக் குறைந்த ஒலியிலேயே ஓட விடுங்கள். ஒரே தொனி இடைவிடாமல் ஓடும்போது வொய்ஸ் கொயில் (கூம்பை அசைக்கும் செப்புக் கம்பிச் சுருள்) பாடலில் சூடேறுவதைவிட மிக விரைவாகச் சூடேறும்.

எந்தச் சோதனைக்கும் முன்னர் பெட்டியின் உண்மையான கனவளவைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறம் 60, 40, 36 சென்ரிமீற்றர் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். வெளி அளவுகளைப் பெருக்கினால் 86.4 லீற்றர் வரும். ஆனால் 18 மில்லிமீற்றர் எம்.டி.எப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகை ஒவ்வோர் அளவிலும் 3.6 சென்ரிமீற்றரை விழுங்கிவிடுவதால், உள்ளளவு 56.4, 36.4, 32.4 ஆகி, கனவளவு 66.5 லீற்றராகக் குறைகிறது. அதிலிருந்து 12 அங்குல ஸ்பீக்கரின் பின்புறம் அடைக்கும் 3 லீற்றரளவும், காற்றுக்குழாயும், உள்ளே வைத்த தாங்குகட்டையும் கழிய வேண்டும். மிஞ்சுவதே தேறிய கனவளவு. தரவுத்தாளில் உள்ள எண்ணுடன் ஒப்பிட வேண்டியது அதை மட்டுமே. தரவுத்தாள் கன அடியில் பேசினால் ஒரு கன அடி 28.3 லீற்றர் என்று கொள்க.

எந்தப் பாடலுக்கும் ஒரே ‘டும்’ மட்டும் கேட்கிறது

மிக அதிகமாகக் கேட்கப்படும் முறைப்பாடு இதுதான். பாஸ் கிட்டாரின் நான்கு நாண்களைத் திறந்தபடி மீட்டினால் அவை ஏறக்குறைய 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். தொலைபேசிச் செயலியில் இந்த நான்கையும் ஒரே ஒலியளவில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட விட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கேளுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விழுங்கும்படி எழுந்தால், 30 முதல் 80 வரை ஐந்து ஐந்து ஹெர்ட்ஸாக நகர்ந்து அந்த மேட்டின் உச்சி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அம்பிளிபயரில் ‘பாஸ் பூஸ்ட்’ திருகு இருந்தால் அதை முதலில் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள்; அது பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸை அண்டியே ஏற்றும். பெட்டியைக் குறைகூறிக்கொண்டு வந்த சிலரின் குறை அந்தத் திருகோடேயே தீர்ந்திருக்கிறது.

திருகு பூச்சியத்தில் இருந்தும் மேடு நிலைத்தால், பெட்டி முற்றாக மூடியதா, காற்று போய்வரக் குழாய் வைத்ததா என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

மூடிய பெட்டியில் இந்தக் குறி தோன்றினால் பெட்டி சிறிதாகிவிட்டது என்றே பொருள். உள்ளே அடைபட்ட காற்று ஒரு வில்லைப் போல வேலை செய்கிறது. பெட்டி சிறுக்கச் சிறுக்க வில் இறுகுகிறது, பரிவு மீடிறன் மேலே ஏறுகிறது, அந்த இடத்தில் ஒலி குவிகிறது. இதைக் கணக்கிட ஒரு கல்குலேற்றர் போதும். தரவுத்தாளில் வி.ஏ.எஸ். (Vas, ஸ்பீக்கரின் தொங்கலுக்குச் சமமான இறுக்கமுள்ள காற்றின் கனவளவு) என்று கொடுத்திருக்கும் லீற்றரைப் பெட்டியின் தேறிய லீற்றரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். வரும் எண்ணால் கியூ.ரி.எஸ்.ஸைப் (Qts, ஸ்பீக்கரின் சொந்தக் கியூ) பெருக்கினால் பெட்டியின் மொத்தக் கியூ, அதாவது பரிவில் ஒலி எவ்வளவு குவியும் என்பதைக் காட்டும் எண், கிடைக்கும். அதே எண்ணால் எஃப்.எஸ்.ஸைப் (Fs, பெட்டியில்லாத ஸ்பீக்கரின் பரிவு மீடிறன்) பெருக்கினால் பெட்டியின் பரிவு மீடிறன் கிடைக்கும். கியூ.ரி.எஸ். 0.50, வி.ஏ.எஸ். 60 லீற்றர், எஃப்.எஸ். 28 ஹெர்ட்ஸ் உள்ள ஸ்பீக்கர் ஒன்றை 60 லீற்றரில் வைத்தால் மொத்தக் கியூ 0.707, பரிவு சுமார் 40 ஹெர்ட்ஸ். 30 லீற்றரில் 0.87, 48 ஹெர்ட்ஸ். 20 லீற்றரில் 1.0, 56 ஹெர்ட்ஸ். முதலாவது தட்டையாக ஒலிக்கும். இரண்டாவது சற்றுத் துள்ளும், பலருக்கு அதுவே பிடிக்கும். மூன்றாவதில்தான் ‘டும்’ குடியேறுகிறது. காருக்குள் நிலைமை இன்னும் கூர்மையாகிறது. சிறிய அடைபட்ட அறையாகிய கார், தாழ்ந்த மீடிறன்களைத் தானே உயர்த்திக் கொடுக்கும். ஏற்கனவே குவிந்த ஒலியின்மேல் அந்த உயர்வும் ஏறிக்கொள்ளும்.

இந்தக் கணக்குக்கு அடிப்படையான அளவுகளை அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும் அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் சிமோல் 1970-களின் தொடக்கத்திலும் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். தரவுத்தாளில் ‘தீல்–சிமோல்’ என்ற தலைப்பில் வரும் அட்டவணை அவர்களுடையதே. அந்த அட்டவணை இல்லாமல் விற்கப்படும் ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்வதைவிட, அட்டவணை உள்ள மலிவான ஸ்பீக்கர் ஒன்றை வாங்குவது மேல் என்பது என் கருத்து.

சிறுத்த மூடிய பெட்டிக்கு அறுக்காமல் செய்யக்கூடிய ஒரு சிகிச்சை பஞ்சு. செயற்கை நாரால் ஆன தலையணைப் பஞ்சை உதிரியாக்கி, அழுத்தாமல் உள்ளே நிரப்பினால், காற்று அமுங்கும்போது எழும் வெப்பத்தை நார் உறிஞ்சிக்கொள்வதால் பெட்டி உள்ளதைவிடப் பெரியதுபோல நடந்துகொள்ளும். கோட்பாட்டில் இது 40 சதவீதம் வரை போகும். நடைமுறையில் 10 முதல் 20 சதவீதம் கிடைத்தால் திருப்தியடையலாம். மேலே சொன்ன 30 லீற்றர் பெட்டியை இது காப்பாற்றும், 20 லீற்றர் பெட்டியைக் காப்பாற்றாது. வீட்டிலிருக்கும் இலவம் பஞ்சை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது நாளடைவில் கட்டிபட்டு அடியில் இறங்கிவிடும், அதன் நுண்ணிய இழைகள் ஸ்பீக்கரின் பின்புறக் காற்றுத் துளையைத் தேடிப் போகும்.

குழாய் வைத்த பெட்டியில் அதே ‘டும்’ கேட்டால் பெட்டியின் பருமனைவிடக் குழாயின் நீளத்தையே முதலில் அளவிடுங்கள். 45 லீற்றருக்கு 34 ஹெர்ட்ஸில் இசைவிக்கும்படி தாள் சொல்கிறது, கையில் 10 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள குழாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் விட்டத்தின் வர்க்கத்தை 23,562-ஆல் பெருக்கி, மீடிறனின் வர்க்கத்தாலும் லீற்றராலும் வகுத்து, விட்டத்தின் 0.73 மடங்கைக் கழித்தால் நீளம் கிடைக்கும்: ஏறக்குறைய 38 சென்ரிமீற்றர். பெட்டியின் ஆழம் 32 சென்ரிமீற்றர்தான். குழாய் உள்ளே கொள்ளாது என்று கண்டவுடன் வேலை செய்பவர் அதை 20 சென்ரிமீற்றருக்கு வெட்டிப் பொருத்திவிடுகிறார். அந்தப் பெட்டி இப்போது 34-இல் அல்ல, 44 ஹெர்ட்ஸில் இசைகிறது. கட்டிடவேலைக்கு வரும் 110 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயை வாங்கினால், 110 என்பது வெளிவிட்டம் என்பதையும் உள்விட்டம் குழாயின் வகைக்கேற்ப மாறும் என்பதையும் மறக்காமல், உள்ளே நாடா வைத்து அளந்த எண்ணையே கணக்கில் இடுங்கள்.

பெட்டி எந்த மீடிறனில் இசைகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கூம்பின்மேல் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டு, 60 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழிறங்குங்கள். கூம்பின் ஆட்டம் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடும். அந்நேரம் குழாய் வாயில் கையை வைத்தால் காற்று பலமாக அடிக்கும். அதுவே பெட்டியின் இசைவு மீடிறன். அது தாளில் உள்ளதைவிட உயர்ந்திருந்தால் குழாய் நீள வேண்டும், தாழ்ந்திருந்தால் குறுக வேண்டும். நீளம் கொள்ளாத இடத்தில், பி.வி.சி. முழங்கை ஒன்றைச் சேர்த்து, வளைவின் நடுக்கோட்டு நீளத்தையும் கூட்டிக் கணக்கிட்டால் போதும். காற்றுக்கு வளைவு ஒரு பொருட்டல்ல.

சத்தத்தைக் கூட்டினாலும் அடி எழவில்லை

இதற்குக் காரணங்கள் பல. ஆனால் அவை ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்துவிடும்.

முதலில் ஸ்பீக்கர் வயரின் முனைகளை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். கதவு ஸ்பீக்கர்களும் சப்வூபரும் எதிரெதிர் முகமாக அசைந்தால், இரண்டும் சந்திக்கும் 80 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 80 ஹெர்ட்ஸ் தொனியை ஓட விட்டு, எந்த இணைப்பில் ஓட்டுநர் இருக்கையில் ஒலி கூடுகிறதோ அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். நேர்முனை நேர்முனையோடுதான் இணைய வேண்டும் என்ற விதி இங்கே செல்லாது. பெட்டி வைத்த இடமும் தூரமும் அதைத் தீர்மானிக்கின்றன.

அடுத்து, இரட்டைக் கொயில் ஸ்பீக்கரானால் இரு கொயில்களின் முனைகளும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அம்பிளிபயர் வயரைக் கழற்றிவிட்டு, பென்ரோர்ச் பற்றரியின் நேர்முனையை ஒரு கொயிலின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். மற்றக் கொயிலுக்கும் அப்படியே. ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் முனைக் குறி மாறியிருக்கிறது. அப்படி இணைத்த ஸ்பீக்கரில் இரு கொயில்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டு, ஒலியே எழுப்பாமல் சூடேறிக்கொண்டிருக்கும். மல்ரிமீற்றரால் தடையையும் அளந்து வையுங்கள்: 4 ஓம் கொயில் ஒன்று 3.2 முதல் 3.6 வரை காட்டும். இரண்டு 4 ஓம் கொயில்கள் சமாந்தரமாக 2 ஓம், தொடராக 8 ஓம் ஆகும். 2 ஓமில் வேலை செய்ய வேண்டிய அம்பிளிபயருக்கு யாரோ 8 ஓமாக இணைத்துக் கொடுத்திருந்தால் மெலிந்த ஒலிக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

பெட்டியில் கசிவு இருந்தாலும் அடி எழாது. மூடிய பெட்டியின் கூம்பை இரு கைகளின் விரல்களால் நடுவைச் சுற்றிச் சமமாக உள்ளே அழுத்தி விடுங்கள். இறுக்கமான பெட்டியில் கூம்பு மெதுவாக மீளும். கசிவுள்ள பெட்டியில் உடனே துள்ளிவிடும். கசிவு எங்கே என்பதை ஊதுபத்தி காட்டிக்கொடுக்கும். 30 ஹெர்ட்ஸ் தொனியை மிகத் தாழ்வாக ஓட விட்டு, புகையைப் பொருத்துகள், ஸ்பீக்கர் விளிம்பு, பின்புற வயர்க் கிண்ணம் ஆகியவற்றின் அருகே கொண்டு போனால், ஓட்டை உள்ள இடத்தில் புகை நடுங்கும். துணி சுற்றிய பெட்டியானால் பத்தியின் நெருப்பைத் தள்ளியே பிடியுங்கள். என் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் அந்த பிளாஸ்டிக் வயர்க் கிண்ணந்தான். நான்கு சிறிய ஆணிகளோடு காஸ்கெற் இல்லாமல் அதைப் பொருத்திவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக இரண்டு பித்தளைப் போல்ட்டுகளைப் பலகையினூடாக இறக்கி உள்ளும் புறமும் நட்டு இறுக்கினால் கசிவும் போகும், கடலோர உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் தொல்லையும் குறையும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒலி மெலிந்திருந்தால், கார் செடானா என்று பாருங்கள். டிக்கிக்கும் இருக்கைக்கும் நடுவே தகரமும் பஞ்சும் தடித்த அட்டையும் நிற்கும் கார்களில், பெட்டி எழுப்பும் காற்றழுத்தம் டிக்கிக்குள்ளேயே கிடந்து மூடியை அதிரவைக்கும். பின்னிருக்கையை மடித்துவிட்டு அதே பாடலைக் கேளுங்கள். ஒலி கணிசமாகக் கூடினால் பெட்டியில் குறையில்லை. நடுக் கைதாங்கியின் பின்னுள்ள திறப்பை நோக்கிக் கூம்பையும் குழாயையும் திருப்பி வைப்பதே அதற்குரிய பரிகாரம். அக்குவா, விற்ஸ், வகன் ஆர் போன்ற பின்கதவுக் கார்களில் இந்தப் பிரச்சினை எழாது. அவற்றில் கூம்பு பின்கதவைப் பார்த்தபடி இருப்பதே பெரும்பாலும் நன்றாக வருகிறது. ஆனாலும் பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டே பட்டி போடுங்கள்.

குழாயிலிருந்து காற்று ஊதுகிறது

தாழ்ந்த தொனிகளில் மட்டும், யாரோ போத்தல் வாயில் ஊதுவதுபோல ‘புஸ், புஸ்’ என்று கேட்டால் குழாயின் குறுக்களவு போதவில்லை. காற்றின் வேகம் செக்கனுக்கு 17 மீற்றரைத் தாண்டினால் இந்த ஓசை காதில் விழத் தொடங்கும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. கன அடிக்கு 12 முதல் 16 சதுர அங்குலம் வரை குழாய் வாய் இருக்க வேண்டும் என்று கார் ஒலிப் பெட்டி செய்பவர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன 45 லீற்றர் பெட்டிக்கு 10 சென்ரிமீற்றர்க் குழாய் ஒன்று அதில் ஏறக்குறைய பாதிதான் தரும்.

அப்படியானால் இன்னொரு குழாயைச் சேர்த்தால் என்ன என்று உடனே தோன்றும். அங்கேதான் பொறி இருக்கிறது. குழாய் ஒன்றைக் கூட்டியவுடன் இசைவு மீடிறன் மேலே தாவும். அதை மீண்டும் 34 ஹெர்ட்ஸுக்கு இறக்க ஒவ்வொரு குழாயும் 83 சென்ரிமீற்றர் நீள வேண்டும். அந்த இரு குழாய்களும் பெட்டிக்குள் 16 லீற்றரளவு இடத்தைத் தின்னும். 45 தேறிய லீற்றர் கிடைக்க வேண்டுமானால், ஸ்பீக்கரையும் தாங்குகட்டையையும் சேர்த்து 65 லீற்றர்ப் பெட்டி செய்ய வேண்டும். வாயை அகட்டினால் நீளமும் பெட்டியும் கூடவே வளரும். இந்த முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது. பலகையாலேயே பெட்டியின் ஓரமாக அமைத்து எல் வடிவில் மடிக்கும் நீள்வாய்க் குழாய் பிரபலமானதற்குக் காரணம், நீளத்தை அது அழகாக ஒளித்துவைப்பதே.

ஆகவே அறுப்பதற்கு முன்னர் மலிவான மூன்றைச் செய்து பாருங்கள். குழாயின் இரு வாய்களிலும் கூரான விளிம்பை அரத்தால் உருட்டுங்கள், அல்லது விரிந்த வாய்வளையம் பொருத்துங்கள். குழாயின் உள்வாய்க்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே, குறைந்தது குழாய் விட்டமளவு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிவாய் பின்னிருக்கையில் முட்டிக்கொண்டு நிற்பதும் அதே குறையே. பின்னர் ஒலியைச் சற்றுக் குறையுங்கள். கடைசிச் சொன்னதை யாரும் விரும்புவதில்லை என்று தெரியும். எனினும் ஓடும் காரில், வீதி இரைச்சலோடு கேட்கும்போது அந்த ஊதல் காதில் விழுகிறதா என்று கேட்டுப் பார்த்தவர்கள் பலர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஊதல் ஓசை தொடர்ந்தாற்போல், ‘ஸ்ஸ்’ என்று மெல்லியதாக வந்தால் அது குழாயல்ல, கசிவு. மேலே சொன்ன ஊதுபத்திச் சோதனைக்குத் திரும்புங்கள்.

கூம்பு ‘டக், டக்’ என்று அடிக்கிறது

இந்த ஒலி கேட்டவுடன் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். மற்றக் குறிகள் காத்திருக்கும், இது காத்திருக்காது. கொயில் தாங்கி ஸ்பீக்கர் காந்தத்தின் பின்தட்டில் மோதும் ஓசை அது. இசைவு மீடிறனுக்குக் கீழே போனவுடன் குழாய் கூம்பைப் பிடித்து வைக்கும் வல்லமையை இழந்துவிடும். பெட்டியே இல்லாததுபோலக் கூம்பு கட்டறுந்து ஆடும். 34 ஹெர்ட்ஸில் இசைந்த பெட்டியானால் அம்பிளிபயரின் சப்சோனிக் வடிகட்டியை (மிகத் தாழ்ந்த மீடிறன்களை வெட்டுவது) 28 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். வடிகட்டி இல்லாத அம்பிளிபயரைக் குழாய்ப் பெட்டியோடு இணைப்பது எனக்கு உடன்பாடில்லாத செயல். மூடிய பெட்டியில் உட்காற்று கூம்பைத் தாங்குவதால் இந்த ஆபத்துக் குறைவு. அங்கும் ‘டக்’ கேட்டால் பெட்டி மிகப் பெரிதாகிவிட்டதா, கசிகிறதா என்று பாருங்கள். பெரிதான பெட்டிக்குள் மரக்கட்டைகளை ஒட்டி, ஆணியும் அடித்துக் கனவளவைக் குறைக்கலாம்.

அம்பிளிபயரின் ‘கெயின்’ திருகு சத்தம் கூட்டும் திருகல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, வானொலிச் செட்டின் ஒலியை நாலில் மூன்று பங்கில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் தொனியை ஓட விட்டு, அம்பிளிபயர் வெளியீட்டில் ஆடலோட்ட வோல்ட்டை அளவிடுங்கள். வேண்டிய வொட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், கெயினை ஏற்றிக்கொண்டுபோய் நிறுத்த வேண்டிய வோல்ட் எண் கிடைக்கும்: 4 ஓமில் 300 வொட்டுக்கு 34.6 வோல்ட்.

கரகரப்பும் கிடுகிடுப்பும்

20-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை தொனியை மெதுவாக ஏற்றிக்கொண்டு, ஒருவர் காரைச் சுற்றி வந்து கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். இலக்கத் தகடு, டிக்கிப் பூட்டு, பின்தட்டு, பின்கண்ணாடியோர பிரேக் விளக்கு, ஜக், சில்லு கழற்றும் சாவி என்று பட்டியல் நீளும். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், நம் வீதிகளில் ஓடும் கார்களில் பல வயதேறியவை. அவற்றின் பிளாஸ்டிக் கிளிப்புகள் காய்ந்து நொறுங்கியிருக்கும். புதிய கிளிப் சில ரூபாய்களில் தீர்க்கும் வேலைக்கு, டிக்கி முழுவதும் அதிர்வு அடக்கும் தாள் ஒட்ட வேண்டியதில்லை. ஒட்டத்தான் வேண்டுமானால் பியூட்டைல் தாளையே ஒட்டுங்கள். கூரை ஒழுக்குக்கு விற்கும் தார்த் தாள் பார்வைக்கு அதே போலிருந்தாலும், கொழும்பின் காலி வீதி வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் காரில் இளகி மணக்கத் தொடங்கும்.

ஒலி பெட்டிக்குள்ளிருந்தே வந்தால் உள்வயர் பலகையில் தட்டுகிறதா, ஸ்பீக்கர் ஆணிகள் எம்.டி.எப்.பில் பிடியிழந்து சுழல்கின்றனவா என்று பாருங்கள். மர ஆணியை இரண்டு மூன்று தடவை கழற்றிப் பூட்டியதும் அந்தப் பலகை தூளாகிவிடும். பின்புறம் பதிக்கும் ரீ-நட்டுகளே நிலைக்கும். பெட்டிச் சுவரில் உள்ளங்கை வைத்து அதிர்வு உணர்ந்தால் நடுவே ஒரு தாங்குகட்டை தேவை.

அரை மணி நேரத்தின் பின்னர் ஒலி தளர்கிறது

கொயிலின் செப்புத் தடை, வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறும்போது 0.39 சதவீதம் கூடும். 100 பாகை ஏறினால் அம்பிளிபயர் கொடுக்கும் வலுவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அடைத்த காரில் நண்பகல் நின்றுவிட்டு உடனே உரக்கப் போட்டால் இது விரைவில் நேரும்; அது பழுதல்ல. ஆனால் அம்பிளிபயரே அணைந்து மீண்டும் வருமானால், அதைக் கம்பளத்துக்குள் புதைத்திருக்கிறார்களா, பெட்டியின்மேலேயே ஆணியடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதன்பின் மின்வயரைச் சோதியுங்கள். 500 வொட் தரும் டி வகுப்பு அம்பிளிபயர் 45 அம்பியர் வரை இழுக்கும். சந்தையில் தடித்த வயர் என்று விற்கப்படுவதில் கணிசமானது செப்பு முலாமிட்ட அலுமினியம். அதன் தடை, செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓர் இழையை வெட்டி முனையைப் பாருங்கள்: நடு வெள்ளையாக இருந்தால் அலுமினியம், வெளி வெள்ளையாகவும் நடு சிவப்பாகவும் இருந்தால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. உரக்க ஒலிக்கும்போது அம்பிளிபயர் முனையிலும் பற்றரி முனையிலும் வோல்ட்டை அளந்தால், இடையில் தொலைவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் உறையிட்ட வயர்கள் உயர் வோல்ட்டுக்குரியவை. அவற்றின் அருகே துளையிடவோ வயர் இழுக்கவோ கூடாது.

என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ஊ’ என்ற ஓசை பெட்டிக்குச் சம்பந்தமில்லாதது, புவியிணைப்பைப் பாருங்கள்.

மழைக்காலம் கழிந்ததும் ஒலி மாறிவிட்டது

மே மாதத்திலும் ஒக்ரோபர், நவம்பரிலும் வீதியில் நிற்கும் வெள்ளத்தினூடாகப் போன கார்களின் மேலதிகச் சில்லுக் குழியில் தண்ணீர் தேங்கும். அதன்மேல் அமர்ந்திருக்கும் எம்.டி.எப். பெட்டி வெட்டிய விளிம்புகளால் ஈரத்தைக் குடித்து வீங்கும். வீங்கிய எம்.டி.எப். காய்ந்தாலும் பழைய தடிப்புக்கு வராது, பொருத்து திறந்தபடியே இருக்கும். சிலிக்கன் பூசி ஒப்பேற்றுவதில் பயனில்லை. அந்தப் பலகையையே மாற்ற வேண்டும். சுற்றி ஒட்டிய கம்பளம் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஈரத்துணியாகவே வேலை செய்கிறது.

புதிதாகச் செய்வதானால்

மேற்சொன்ன சோதனைகள் புதிய பெட்டியிலேயே கொண்டுபோய் நிறுத்தினால், முதலில் வகையைத் தீர்மானியுங்கள். எஃப்.எஸ்.ஸைத் தரவுத்தாளின் கியூ.இ.எஸ்.ஸால் (Qes, ஸ்பீக்கரின் மின்சார்ந்த கியூ) வகுக்க 50-க்குக் கீழே வந்தால் மூடிய பெட்டி, 100-ஐ அண்டியோ மேலேயோ வந்தால் குழாய்ப் பெட்டி, நடுவில் வந்தால் உங்கள் விருப்பம். நடுவில் வருபவர்களுக்கு நான் மூடிய பெட்டியையே சொல்வேன்: டிக்கியில் இடம் மிஞ்சும், ஓரிரு லீற்றர் பிசகினாலும் அது மன்னித்துவிடும்.

பலகையைப் பழைய சோனகத் தெருவில் வாங்கினாலும் மொறட்டுவையில் தளபாடம் செய்யும் தச்சர் ஒருவரிடம் வெட்டுவித்தாலும், உள்ளளவைத் தாளில் வரைந்து கொடுங்கள். வாயால் சொன்ன அளவை அவர் வெளியளவாகவே எடுத்துக்கொள்வார். எம்.டி.எப். விளிம்பில் ஆணி இறக்குமுன் துளையிடாவிட்டால் பலகை பிளக்கும். ஒட்டுவதற்கு முன்னரே அடிப்பக்கத்துக்கும் எல்லா விளிம்புகளுக்கும் சீலர் இரண்டு பூச்சுக் கொடுங்கள், ஒட்டும் முகங்களை மட்டும் தவிர்த்து. அடியில் நான்கு ரப்பர்க் கால்கள் வைத்தால் பெட்டி ஈரத்தைத் தொடாது. உள்மூலைகளில் சிலிக்கன் இழுத்தால், புளிப்பு மணம் முற்றாக நீங்கும்வரை, குறைந்தது ஒரு நாள், ஸ்பீக்கரைப் பூட்டாமல் திறந்து வையுங்கள். அந்த ஆவி உலோக முனைகளை அரிக்கக்கூடியது. கடைசியில் தேறிய லீற்றரையும் இசைவு மீடிறனையும் பெட்டியின் அடியில் பென்சிலால் எழுதி, அதன்மேல் ஒரு பூச்சு சீலர் கொடுத்து விடுங்கள்.